சிங்காரத்தோட மஞ்சக் குச்சி

வாங்க அம்மிணி, இப்பிடிக் கட்டல்ல உக்காருங்க. அந்தப் பக்கம் வேண்டாம், அங்க கயிறு தொய்ஞ்சு கெடக்குது, உக்காந்தா எந்திரிக்க ரெண்டாளு வேணும். ஜீப்பு எம் மச்சினனோடதுதானுங்களே? கதவுல காளைப் படம் போட்டிருக்குதே. அந்த ஜீப்பு நம்ம தோட்டத்துக்குள்ள திரும்புனாலே நான் மொகத்தத் திருப்பிக்குவேனுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, ஏத்தி விட்டாங்க, வந்துட்டீங்க.

பாவாத்தா, ஒறம்பரை வந்திருக்குது, மோரு கொண்டா.

என்ன சொன்னீங்க? கம்பெனி ஆரம்பிச்சு முப்பது வருசமாயிருச்சா? அதுக்கு மலர் போடறாங்களா? சரித்திரத்த நீங்கதான் எழுதறீங்களா? நல்ல காரியமுங்க. எங்கிட்ட வரச் சொன்னது ஆரு, அர்த்தநாரியேவா? 'மொதல்ல எங்க மாமனப் பாத்துட்டு வந்துருங்க, அங்க இருந்துதான் கதை ஆரம்பிக்குது'ன்னு சொன்னானா? அப்ப பக்கத்துல ஆராச்சும் இருந்தாங்களா? இருந்திருப்பாங்க. அவன் அப்பிடித்தானுங்க, நாலு பேரு முன்னால என்னையத் தூக்கி வெப்பான். தூக்குறப்ப எல்லாரும் ஆரப் பாப்பாங்க? தூக்குறவனத்தானே பாப்பாங்க. 'பாருய்யா, எத்தன பெரிய மனசு'ம்பாங்க. அதுக்குத்தான்.

பொறாமைல பேசறேன்னு நெனைச்சுப் போடாதீங்க. எனக்கென்னங்க பொறாமை? எம் மச்சினன், பொண்டாட்டியோட பொறந்த தம்பி. அவன் நல்லா இருந்தா எனக்கும் பெருமைதான். நடந்தது நடந்த மாதிரி எழுதோணும், அவ்வளவுதான் நான் கேக்கறது.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிப் போடுங்க. மலரோட அட்டைல எந்தக் காளை வருது? முடிவாகலையா? சரி, நான் சொல்றதக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

எங்க வீடு எங்கப்பன் காலத்துல இருந்தே பொலிகாளை வீடுங்க. சுத்துவட்டாரத்துல எந்த மாடு பருவத்துக்கு வந்து கத்துனாலும், கயித்தப் புடிச்சுட்டு நேரா இங்கதான் வருவாங்க. காலைல எந்திரிச்சு வந்து பாத்தா வாசல்ல ஆளு நிக்கும், மாடு நிக்கும். பெரிய பண்ணையக்காரருன்னு பேரு வாங்குனவரும் நிப்பாரு, ஒத்த மாடு வெச்சுப் பொழைக்கிறவனும் நிப்பான். 'நாச்சிமுத்தண்ணா எந்திரிச்சாச்சுங்களா'ன்னு மெதுவாக் கேப்பாங்க. நான் பல்லு வெளக்கி, வெத்தலை போட்டு, அப்புறந்தான் வருவேன். ஒருத்தரும் மொகஞ் சுளிக்க மாட்டாங்க. அந்த மருவாதி இருக்குதே, அது சோத்துக்கும் மேலீங்க.

அப்பன் வெச்சிருந்த கிழட்டுக் காளை செத்துப் போனதுக்கு அப்புறம் நான் புடிச்சுட்டு வந்ததுதான் சிங்காரம். ஜெர்சிக் கலப்பு, நல்ல செவலை. நின்னான்னா மண்ணு அழுந்தும். நடந்தான்னா பொம்பளையாளுக கூடைய எறக்கி வெச்சுட்டுப் பாப்பாங்க. அதெல்லாம் கூடப் பெருசில்லீங்க. சுழி! அவன் சுழியப் பாத்திருக்கோணும் நீங்க.

உங்களுக்குச் சுழி தெரியாது போல இருக்குது. நமக்கு உச்சந்தலைல முடி சுத்தி வளையுதுங்களே, அந்த மாதிரி மாட்டுக்கு ஒடம்புல அங்கங்க இருக்கும். எங்க இருக்குதுங்கறதப் பாத்துத்தான் எங்காளுக மாடு புடிப்பாங்க. பல்லு அப்புறம், பாலு அப்புறம், மொதல்ல சுழி. சிங்காரத்துக்கு முதுகு ஆரம்பிக்கிற எடத்துல, நட்ட நடுவுல, ஒரே சுழி. ராஜ சுழி. அது இருக்கற மாடு நின்ன கட்டுத்தரைக்குக் கொறையே வராது. சந்தைல வெச்சு அவன் முதுகத் தடவிப் பாத்துட்டு, கைய எடுக்காம அப்பிடியே நின்னேன். வேற ஆரும் கைய வெச்சிருவாங்கன்னு பயம்.

அவன் வந்த வருசம் அவ்வளவு செனை நிக்கலீங்க. அதையும் சொல்லிப் போடறேன், அப்புறம் அர்த்தநாரி சொல்லி நீங்க கேக்க வேண்டாம். மழை இல்லாத வருசம் அது. மாட்டுக்குத் தீனி இல்ல. காஞ்சு கெடக்குற மாட்டுக்கு எப்பிடிச் செனை நிக்கும்? காளை மேல என்ன தப்பு?

அந்தச் சமயத்துலதான் அர்த்தநாரி வந்தான். அவன் எங்கியோ பண்ணைல வேலைக்கு இருந்து ஊசி போடற வேலையக் கத்துக்கிட்டு வந்திருந்தான். செனை ஊசிங்க. கைல ஒரு பிளாஸ்க்கு. நம்மூட்டுல காப்பி ஊத்தி வெப்பமே, அதே பிளாஸ்க்குதான், உள்ள ஐஸு, ஐஸுக்குள்ள காளை வித்து. பாவாத்தா, தம்பி காப்பி கொண்டாந்திருக்கான்னு தொறக்கப் போயிட்டா. 'ஐயோ அக்கா, அதத் தொடாத'ன்னு கத்துனான் பாருங்க, எனக்குச் சிரிப்பு அடங்கறதுக்கு நேரமாச்சு.

'மாமா, நம்ம ரெண்டு பேரும் ஒட்டுக்கா ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாமுங் மாமா'ன்னான். 'இனி மாட்டக் காளைகிட்டக் கூட்டிட்டு வர வேண்டியதில்ல, காளைய மாடு இருக்கற எடத்துக்கு நாமளே கொண்டு போயிரலாம்'னான். பிளாஸ்க்குக்குள்ளயாடான்னு கேட்டேன். 'ஆமாங் மாமா'ங்கறான், சிரிக்காம.

ஆனா ஒண்ணு, அவன் எந்த ஊருக்குப் போனாலும் தொரத்தி விட்டுட்டாங்க. எங்காளுக கேக்கறதுல ஞாயம் இருக்குதுங்களே. 'காளை எங்கடா? அப்பன் மூஞ்சியப் பாக்காம எப்பிடிக் கன்னு போடறது? அதோட சுழி என்ன, கொம்பு என்ன, ஒண்ணுந் தெரியாம உன்ற பிளாஸ்க்க நம்பி மாட்டக் குடுக்கறதா'ன்னு கேட்டாங்க. அவன் மொகம் செத்துப் போயி வந்து, இதே எடத்துல உக்காந்தான். 'மாமா, சிங்காரத்தக் குடுங்க. ஊர் ஊராக் கூட்டிட்டுப் போயிக் காட்டலாம்'னான்.

அப்பிடித்தானுங்க ஆரம்பிச்சுது உங்க கம்பெனி. எழுதிக்கங்க. சிங்காரத்துக்குக் கழுத்துல சலங்கை, கொம்புல குஞ்சம், நெத்தில மஞ்சளும் குங்குமமும். கயிறு எங்கைல. சந்தையா, கோயில் நோம்பியா, எங்க கூட்டமோ அங்க போயி நிப்போம். பெரியவங்க வருவாங்க, முதுகத் தடவுவாங்க, ராஜ சுழியத் தொட்டுப் பாத்துட்டுத் தலைய ஆட்டுவாங்க. 'இதோட வித்துன்னா போடு'ம்பாங்க. பின்னால டிவிஎஸ்ல பிளாஸ்க்க மாட்டிக்கிட்டு அர்த்தநாரி நிப்பான். காட்டறது நான், போடறது அவன். என்னையக் கேட்டா, நான் காட்டலைன்னா அவன் போட்டிருக்க முடியுமுங்களா?

மோரக் குடிங்க. உப்பு பத்தலைன்னா கேளுங்க, எம் பொண்டாட்டி, தம்பி ஊட்டு ஆளுன்னா பதறிப் போயி உப்பக் கொறைச்சுப் போடுவா.

அப்புறம் பேரு வெச்சான் பாருங்க கம்பெனிக்கு. நான் 'சிங்காரம்'னு வெக்கச் சொன்னேன். அவன் 'பாவாத்தாள் கால்நடை இனவிருத்தி நிலையம்'னு போர்டு எழுதீட்டு வந்துட்டான். ஏன்டான்னா, 'உங்கூட்டம்மா பேருதானுங் மாமா'ங்கறான். எம் பொண்டாட்டி பேருன்னா வெச்சான்? அவனோட அக்கா பேருன்னு வெச்சது! இவ அந்தப் போர்டப் பாத்துட்டுக் கண்ணத் தொடைச்சுக்கிட்டா. நான் என்னத்தப் பேசறது?

சரி, ஊமையன் கதைக்கு வாரேன்.

ஒரு காளை பத்தாதுன்னு அந்தியூர்ச் சந்தைக்குப் போயி இன்னொண்ணு புடிச்சுட்டு வந்தான் அர்த்தநாரி. நிறமும் செவலைதான், ஒசரமும் சிங்காரம் ஒசரந்தான், தள்ளி நின்னு பாத்தா எனக்கே சந்தேகமா இருக்கும். கத்தவே கத்தாது. அதனால ஊமையன். சந்தைல ஒருத்தரும் சீந்தாமக் கெடந்துச்சாமா, சல்லிசாக் குடுத்துட்டாங்களாமா. ஏன் குடுத்தாங்கன்னு எனக்கு முதுகத் தடவுன ஒடனே தெரிஞ்சு போச்சு. முதுகுத் தண்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, நேருக்கு நேரா ரெண்டு சுழி. பாடைச் சுழி அம்மிணி! பாடைக்கு ரெண்டு பக்கமும் ஆளு நின்னு தூக்குற மாதிரி. அது நிக்கற ஊட்டுல எழவு விழுகும்னு சொல்லி, கறிக்குக் கூட யோசிச்சுத்தான் வாங்குவாங்க.

'அடேய், இதப் போயிக் கட்டுத்தரைல கட்டுவியா'ன்னு சிரிச்சேன். அவனும் சிரிச்சான். 'பிளாஸ்க்குக்குள்ள சுழி தெரியாதுங் மாமா'ன்னான். சொல்லிட்டு அதைக் கொண்டு போயிப் பின்னால கொட்டாயில கட்டிப் போட்டான். வெளிய ஒருத்தர் கண்ணுல காட்ட மாட்டான். முன்னால சிங்காரம், பின்னால ஊமையன். அப்ப எனக்கு அதுல ஒரு சந்தோசமுங்க, பொய் எதுக்குச் சொல்லணும். எம் மாடு வாசல்ல, அவம் மாடு கொட்டாயில.

சொல்றதுக்குக் கூச்சமா இருக்குது, ஆனா நீங்க எழுத வந்தவங்க. காளைகிட்ட இருந்து வித்து எடுக்கறதுக்கு ஒரு ரப்பர்க் குழாயி வெச்சிருந்தான். எடுத்த ஒடனே மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாப்பான். ஊமையனோடதப் பாத்தான்னா போதும், சின்னப் பையனாட்டக் கூப்புடுவான். 'ஓடியாங்க மாமா, வந்து பாருங்க'ம்பான். நானும் ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாத்தேன். சக்கரையக் கொட்டுன எடத்துல எறும்பு மொய்ச்ச மாதிரி ஒரே ஓட்டம், ஒரே நெருக்கடி. எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. பாடைச் சுழி மாட்டுக்கு இத்தன ஆட்டமா?

'சிங்காரத்தோடதக் காட்டுடா'ன்னேன். எடுத்தான், வெச்சான், குனிஞ்சு பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். கண்ணாடிய மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தான். நான் போயி நின்னா, துணியெடுத்துத் தொடைச்சுப் போட்டான். 'வெயில் பட்டுருச்சுங் மாமா, இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்'ங்கறான். இன்னொரு நாளும் அதே கதைதான். ஒருக்கா ஐஸு பத்தல, ஒருக்கா கண்ணாடி சரியில்ல. எனக்குப் புரியாதா? ஊமையன விடச் சிங்காரத்துக்கு நூறு பங்கு எச்சா ஓடியிருக்கும். அதை நான் பாத்துட்டா அப்புறம் என்னையக் கைல புடிக்க முடியாதுன்னு மறைச்சுட்டான். இது பொறாமை இல்லாம வேற என்னங்க? எனக்கா பொறாமை, அவனுக்கா?

அதுக்கப்புறம் சிங்காரத்துகிட்ட எடுக்கறதையே கொறைச்சுட்டான். 'ஊர் ஊரா நடக்குற மாடு, களைச்சுப் போயிரும் மாமா. அவன் காட்டறதுக்கு மட்டும் இருக்கட்டும்'னான். எம் மாட்டு மேல அக்கறையாமா.

பொறவு பிளாஸ்க்கு போயிப் பெரிய கேன் வந்துச்சு. உள்ள பொகை பொகையா நைட்ரஜன். விரல விட்டா விரலு ஒடிஞ்சு விழுந்துரும்பாங்க. வித்த உறைய வெச்சு, மெல்லீசாக் குச்சி குச்சியா அடைச்சு அதுக்குள்ள போட்டான். கொழப்பம் வரக்கூடாதுன்னு நாந்தான் யோசனை சொன்னேன். சிங்காரத்துக்கு மஞ்சக் குச்சி, ஊமையனுக்கு நீலக் குச்சி. சனங்க காளையத்தான் பாத்திருக்குதே, எல்லாரும் மஞ்சக் குச்சிதான் கேட்டாங்க. 'சிங்காரத்துக் குச்சி இருந்தாப் போடுப்பா, இல்லாட்டி நாளைக்கு வா'ன்னு சொல்ற அளவுக்கு ஆயிருச்சு. மஞ்சக் குச்சி போட்ட எடமெல்லாம் செனை, கன்னெல்லாம் பொட்டைக் கெடாரி, கெடாரியெல்லாம் கொடங் கொடமாப் பாலு. அர்த்தநாரிக்கு டிவிஎஸ் போயி ஜீப்பு வந்துச்சு, கொட்டாயி போயிக் கட்டடம் வந்துச்சு. இப்ப நாலு மாவட்டத்துல கெளை இருக்குதாமே? அத்தனையும் மஞ்சக் குச்சி, அம்மிணி. அத்தனையும் சிங்காரம்.

ஒரு நாளு நானும் சிங்காரமும் சங்ககிரிப் பக்கம் ஒரு சந்தைக்குப் போயித் தங்கியிருந்துட்டுத் திரும்பி வந்தோம். வந்து பாத்தா, மேசை மேல புதுசா அடைச்ச மஞ்சக் குச்சி, கட்டுக் கட்டா. ஊமையனக் கழுவி விட்டிருக்காங்க, ஒடம்புல ஈரம் கூடக் காயல. 'என்னடா, சிங்காரம் இல்லாம மஞ்சக் குச்சி எப்பிடிடா அடைச்சே'ன்னு கேட்டேன். திருதிருன்னு முழிச்சான். 'போன வாரம் எடுத்து வெச்சதுங் மாமா'ன்னான். சரி, எடுத்து வெச்சிருப்பான். எங்கிட்டக் கேக்காம எம் மாட்டுகிட்ட எடுத்திருக்கான் பாருங்க, அந்தக் கள்ளத்தனத்தத்தான் சொல்ல வாரேன்.

என்ன அம்மிணி, அப்பிடிப் பாக்கறீங்க? எழுதிக்கங்க, எழுதிக்கங்க.

நாங்க பிரிஞ்சது கன்னுக்குட்டிக் கண்காட்சியிலீங்க. சந்தை மைதானத்துல பந்தல் போட்டு, நாலு திசைல இருந்தும் கன்னு வந்து நின்னுச்சு. பரிசு வாங்குன அத்தனையும் மஞ்சக் குச்சிக் கன்னு. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. நான் புது வேட்டி கட்டி, சிங்காரத்துக்கு மாலை போட்டு, மேடைக்குப் பக்கத்துல நிறுத்தியிருந்தேன். அர்த்தநாரி மைக்கப் புடிச்சான். 'இந்தக் கம்பெனி நிக்கறதுக்குக் காரணம் எங்க மாமன் நாச்சிமுத்து. அவரு சிங்காரத்தக் கூட்டிட்டு வந்து காட்டலைன்னா என்னைய நீங்க ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டீங்க. அவரை மேடைக்குக் கூப்புடறேன்'னான்.

நீங்க உருகிப் போயிட்டீங்க, மொகத்துல தெரியுது. பாவாத்தாளும் அப்பிடித்தான் அழுதா. ஆனா நல்லாக் கவனியுங்க. 'காட்டலைன்னா'. காட்டலைன்னா! 'இதெல்லாம் சிங்காரத்துக் கன்னு'ன்னு ஒரு வார்த்தை அவன் வாயில இருந்து வரலீங்க. அன்னைக்கும் வரல, இன்னைக்கு வரைக்கும் வரல. நான் மேடை மேல நின்னுட்டு அதுக்குத்தான் காத்துட்டு நின்னேன். சனங்க மாலையக் கொண்டாந்து அவன் கழுத்துல போட்டாங்க. அவன் அதக் கழட்டி எங் கழுத்துல போட்டான். அவன் வேர்வை பட்ட மாலை. எனக்கு ஒடம்பெல்லாம் தீப்புடிச்ச மாதிரி இருந்துச்சு.

எறங்கி வந்து சிங்காரத்த அவுத்துக்கிட்டு நடந்தேன். அவன் பின்னாலயே ஓடி வந்தான். 'மாமா, என்னுங் மாமா இது, சிங்காரம் நம்ம கம்பெனிக்கு மூஞ்சிங் மாமா'ன்னு கெஞ்சுனான். நான் நின்னு திரும்பிக் கேட்டேன். 'மூஞ்சி எம் மாடுன்னா, ஒடம்பு எதுடா?' தலையக் குனிஞ்சுக்கிட்டான். அன்னைக்கு அவன ஜெயிச்சுட்டேன்னு நெனைச்சுட்டு ஊடு வந்து சேந்தேன்.

கம்பெனி படுத்துரும்னுதான் நெனைச்சேன். படுக்கல. அதான் சொல்றனே, சிங்காரத்துகிட்ட அத்தனை எடுத்து அடைச்சு வெச்சிருந்திருக்கான்.

நான் பழையபடி வாசல்ல கட்டிப் போட்டேன், காளை இருக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லி விட்டேன். வந்தாங்க. சிங்காரத்துப் பேருக்கு வராம இருப்பாங்களா? ஆனா வந்தவங்களே திரும்பத் திரும்ப வந்தாங்க. 'அண்ணா, மறுக்காவும் கத்துதுங்ணா, செனை நிக்க மாட்டேங்குது.' ஒருத்தரு ரெண்டு பேருன்னா பரவால்ல. எல்லாரும் இதே பேச்சு. கொஞ்சங் கொஞ்சமா வாசல் காலியாப் போச்சு. இந்த வழியாத்தான் அவன் ஆளு வண்டில போவான், எங்க வாசல்ல நின்ன சனமே கையக் காட்டி அவன நிறுத்தும். நான் இங்க உக்காந்து பாத்துட்டு இருப்பேன். மனசு பொக்குனு போயிருமுங்க.

காரணம் எனக்குத் தெரியாமலா? ரப்பர்க் குழாயில எடுத்தெடுத்து எங் காளைய வத்த வெச்சுப் போட்டான். அம்மிணி, நல்லா எழுதுங்க இத. நாலு மாவட்டத்துக்கும் கன்னு குடுத்த காளை, சொந்த ஊருல ஒரு மாட்டுக்குச் செனை நிறுத்த முடியாமப் போச்சுன்னா, அதுக்கு வேற என்ன காரணம் இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்க.

சிங்காரம் செத்தப்போ வந்தான். மாடு மேல விழுந்து அழுதான். கம்பெனி எடத்துலயே பொதைச்சு, மேல சின்னதாச் சமாதி கட்டிக் குடுத்தான். வருசா வருசம் மாட்டுப் பொங்கலுக்கு அங்கதான் மொதப் பொங்கலு. ஆனா வாசல்ல சிமிட்டில ஒரு காளை செஞ்சு வெச்சிருக்கானே, பாத்தீங்களா? அந்தக் கொம்பு ஊமையன் கொம்புங்க. பஸ்ஸுல போறப்ப எல்லாம் பாக்கறேன். மத்தவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சிமிட்டிங்கறதால முதுகுல சுழி போடாம விட்டுட்டான்.

கெரகம், பேச்சுவாக்குல நேரம் போயிருச்சு. நீங்க என்ன கேட்டீங்க, சிங்காரத்து போட்டோவா? இருந்துச்சுங்க, ஒண்ணே ஒண்ணு. கரையான் தின்னு போச்சு, சட்டம் மட்டுந்தான் மிச்சம். அவன்கிட்டயும் இல்லையா? இல்லாமத்தானே உங்கள அனுப்பியிருக்கான். போட்டோ இல்லைன்னா ஊமையனத்தான் அட்டைல போடுவாங்களா? ஊமையன் போட்டோ மட்டும் நிறைய இருக்குமே! இல்ல, அது நடக்காது. விட மாட்டேன். அட்டைக்கு நான் வழி சொல்றேன், எந்திரிச்சு வாங்க இப்பிடி.

அந்தா, கட்டுத்தரைல மூணாவதா நிக்குது பாருங்க, செவலைக் கெடாரி. சிங்காரத்தோட மக! ஆமாங்க, அவன் செத்து இத்தன வருசத்துக்கு அப்புறம் பொறந்த மக. அதுதானே குச்சியோட மகிமை. நம்ம மாடு பருவத்துக்கு வந்தா பாவாத்தா போனப் போடுவா. 'தம்பி, மாமா மஞ்சக் குச்சியே வேணுங்கறாரு'ம்பா. அவனும் 'சரிங்க்கா, அதையே குடுத்து விடறேன்'ம்பான். இன்னைக்கு வரைக்கும் இல்லைன்னு ஒரு நாளு சொன்னதில்ல. தீரவே மாட்டேங்குது. நெனைச்சுப் பாருங்க, எத்தன குடுத்துட்டுப் போயிருக்கோணும் எங் காளை. பாவாத்தா, எதுக்குச் சிரிக்கற? போ, போயி அடுப்பப் பாரு.

இந்தக் கெடாரியப் போட்டோ எடுத்து அட்டைல போடுங்க. கீழ 'நிறுவனக் காளை சிங்காரத்தின் மகள்'னு எழுதுங்க. ஒரு வரி போதும். முப்பது வருசமா நான் கேக்கறது அந்த ஒரு வரிதான். அர்த்தநாரி ஒத்துக்குவான், எனக்குத் தெரியும். ஒத்துக்காம எங்க போவான்?

சாக்குங்களா? முதுகுல கட்டியிருக்கறதக் கேக்கறீங்களா? நாந்தான் கட்டியிருக்கேன். ஈத் தொந்தரவு தாங்கல.

பாவாத்தா சொல்றதக் கேக்காதீங்க. 'பக்கத்து மாட்டுக்கெல்லாம் ஈ மொய்க்காதாக்கும்'ங்கறா. ஒவ்வொரு மாட்டுத் தோலு ஒவ்வொரு மாதிரி, ஈக்குத் தெரியும் எதுல ஒக்காரணும்னு. நாலு நாளைக்கு ஒருக்கா சாக்கு மாத்தறேன், துவைச்சுத்தான் போடறேன். அவளையும் கழட்ட விடறதில்ல.

சாக்கோட எடுத்தா நல்லா இருக்காதா? அட்டைல போடறதுக்குச் சாக்கு இருக்கக் கூடாதா? அதுஞ் செரிதான். மலர் எத்தன பேருக்குப் போகும்? நாலு மாவட்டத்துலயும் விவசாயிக எல்லாருக்குமா? ஊட்டுக்கு ஒண்ணா? ...எல்லாரும் பாப்பாங்க, இல்லீங்களா? மாட்டுப் படம்னா எங்காளுக மொதல்ல மூஞ்சியப் பாக்க மாட்டாங்க.

இருங்க, நானே கழட்டறேன். நீங்க அக்கட்டால நில்லுங்க. மூஞ்சிப் பக்கமா நின்னு எடுங்களேன்? கண்ணு அழகா இருக்கும் பாருங்க. ஒடம்பு பூராவும் வேணுமா?

ம். கழட்டியாச்சு.

என்ன கேட்டீங்க? முதுகுல ரெண்டு சுழி தெரியுதேன்னா? ஏனுங் அம்மிணி, நீங்க டவுனுல படிச்சவங்க, உங்களுக்கு எதுக்குங்க சுழியெல்லாம்? நாந்தான் சொல்லிக் குடுத்தேனா? சொல்லிக் குடுத்தது எந் தப்பு. அது சுழி இல்லீங்க. சாக்குக் கயிறு அழுத்தி முடி அப்பிடி மடங்கிருக்குது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குதுன்னா, கயிறு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தானே போகும்.

பாவாத்தா, செம்புல தண்ணி கொண்டா. நின்னுட்டு இருக்காத, கொண்டா.

தண்ணி போட்டுத் தடவுனாப் படிஞ்சுரும் பாருங்க. இந்தா, படிஞ்சுருச்சா? இப்ப எடுங்க. ...எந்திரிச்சுக்குது. சித்த இருங்க. எண்ணெ போட்டாலும் இப்பிடித்தான், கைய எடுத்தா எந்திரிச்சுக்கும். தெனமும் காலைல பாக்கறேன். பொறந்தன்னைக்கு ஈரத்தோட தடவிப் பாத்ததுல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன்.

அந்தப் பக்கம் பாக்காதீங்க, காமிராவ இப்பிடித் திருப்புங்க. நானும் மாட்டுகூட நிக்கறேன். ஆரம்பிச்சவன் நானும் படத்துல இருக்கறதுதானே மொறை. இப்பிடி அந்தாண்ட நின்னுக்கறேன், முதுகு மேல இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. பாசமாப் புடிச்சிருக்கற மாதிரி இருக்குமில்ல?

எடுங்க அம்மிணி. கைய எடுக்கச் சொல்லாதீங்க. இப்பிடியே எடுங்க.